ஒன்பது கிராம்

கலைவாணி அக்காவை முதன்முதலில் பார்த்தது கூரியர் கவுன்ட்டரில், ஒரு சண்டையில். நான் அங்கே புக்கிங் எழுதிக்கொண்டிருந்தேன். திருப்புட்குழியில் எங்கள் குடும்பத்துக்கு நான்தான் முதல் பட்டதாரி. இயற்பியல் படித்தவனுக்கு அந்தக் கவுன்ட்டரில் கிடைத்த வேலை, பெட்டியை டேப்பால் அளந்து இல்லாத எடையை எழுதுவது.

அவருடைய பெட்டி தராசில் மூன்று கிலோ. கூரியர் கணக்குப்படி நீள அகல உயரத்தைப் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்தால் ஆறு. எது அதிகமோ அதற்குத்தான் காசு.

"தராசு மூணுன்னு காட்டிக்கினு இருக்குது, நீ ஆறுன்னு எழுதுற. கண்ணு தெரியலையா தம்பி?"

"பெட்டி பெருசுக்கா. இடத்தை அடைக்குதில்ல?"

"அப்ப காத்துக்குக் காசா? நாளைக்கு நான் சேலைய தெரு பூரா விரிச்சுட்டு, பாரு, பத்து கிலோ ஜரிகைன்னா குடுத்துடுவாங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஆறு என்றே எழுதினேன். எழுதிய கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

பெட்டிக்குள் இருந்தது லேப்டாப். பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலைக் கரைக்கு டிசைன் போடுகிறவர் அவர். பதினாறு வருடம் உமாபதி என்ற பட்டுக்கடைக்காரரின் மாடியில், அவருடைய கம்ப்யூட்டரில், தினக்கூலிக்குப் போட்டார். போன வருடம்தான் கடன் வாங்கிச் சொந்தமாக இதை வாங்கி வீட்டில் உட்கார்ந்தார். பதினோராவது மாதம் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூடாகி அணையத் தொடங்கியது. வாரண்டி முடிய இருபத்திரண்டு நாள் இருந்தது. சர்வீஸ் சென்டர் பெங்களூரில். போக, வர, கூரியர் செலவு நம்முடையதாம்.

"இது சரியாவலன்னா திரும்ப அந்த மாடிதான்பா" என்றார். பிறகு, "ரசீதுல இதையும் எழுது. மெஷின் மட்டும் ஒரு கிலோ எழுநூத்தி முப்பத்திரெண்டு கிராம்" என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஜரிகை நிறுக்கும் தராசின் மேல் லேப்டாப்.

நெசவுக்காரர் வீட்டுப் பழக்கம் அது. பட்டும் ஜரிகையும் நிறுத்துத்தான் வீட்டுக்குள் வரும், சேலை நிறுத்துத்தான் வெளியே போகும். நான் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. சாப்பாட்டு நேரத்தில் நானே அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். பழுது அப்படியே இருந்தது. கூடவே ஒரு அறிக்கை: வெளித்தூள் உள்ளே புகுந்திருக்கிறது, வாடிக்கையாளர் தவறு, வாரண்டி செல்லாது. அத்தாட்சிக்கு ஒரு படம். ஆயுத பூஜைக்கு மூடியின் மேல் அக்கா வைத்த சந்தனமும் குங்குமமும், கல்யாண ஆல்பத்துப் படம் மாதிரி அத்தனை தெளிவாக.

அக்கா லேப்டாப்பைத் தராசில் வைத்தார். ஒரு கிலோ எழுநூற்று இருபத்து மூன்று. எடுத்து மறுபடி வைத்தார். அதேதான்.

"ஒம்பது கிராம் கொறையுது."

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டோம். எடுத்தவன் சிரித்தான். "பொட்டைத் துடைச்சிருப்பாங்க மேடம்."

"ஒம்பது கிராம் பொட்டா? நான் இன்னா அம்மன் செலைக்கா வெச்சேன்? வெச்ச பொட்டு வெச்சபடி இங்க இருக்குதுபா!"

லேப்டாப்பை இயக்கி, அது அணைவதற்குள் பார்த்தேன். பதினாறு ஜிபி மெமரி எட்டாக இருந்தது. இரண்டு மெமரி அட்டையில் ஒன்றை உருவியிருக்கிறார்கள். அந்த அட்டையின் எடைதான் அந்த ஒன்பது கிராம். திருடுகிற கையாலேயே சாமி பொட்டைக் குற்றம் சொல்லிப் படமும் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று மாலையே புகார் எழுதினேன். தராசுப் படம், ரசீது எல்லாம் சேர்த்து, நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவோம் என்றும் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: எங்கள் ஊழியரின் கவனக்குறைவு, மறுபடி அனுப்புங்கள், கூரியர் செலவு உங்களுடையது. வாரண்டிக்கு ஏழு நாள் பாக்கி.

இந்த முறை அக்கா அட்டைப் பெட்டியை அறுத்து, லேப்டாப்புக்கு ஒட்டினாற்போல் தைத்துக்கொண்டு வந்தார். டேப் வைத்துப் பெருக்கினேன். மூன்று கிலோவைத் தாண்டவில்லை.

"இப்ப எழுது, பாக்கலாம்" என்றார்.

லேப்டாப் சரியாகித் திரும்பியது. மெமரி இருந்தது, புது ஃபேன் இருந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. 'நல்லெண்ண அடிப்படையில் இலவசமாகச் செய்து தரப்பட்டது' என்று அச்சடித்த காகிதம் மட்டும் இருந்தது. உருவியதைத் திரும்பக் கொடுப்பதற்குப் பெயர் நல்லெண்ணம்.

அக்கா தராசில் வைத்தார். "ஒரு கிராம் அதிகமா இருக்குது. திருப்பி அனுப்பிடட்டா?"

"கூரியர் செலவு உங்க தலையிலதான்க்கா."

"அப்ப இங்கயே கெடக்கட்டும்."

கலைவாணி அக்கா இப்போதும் பிள்ளையார்பாளையத்து வீட்டில், அதே லேப்டாப்பில் கரை போடுகிறார். உமாபதி கடை மாடிக்குத் திரும்பப் போகவில்லை. போக, வர, போக, வர என்று நான்கு தடவை கூரியர் காசும் அவர் கட்டியதுதான். இன்றுவரை ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை.