எங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஃபைனல்

ரோல்ஸ் பொரிக்கும் எண்ணெய் வாசமும், பெடியன்கள் காலில் தேய்த்துக்கொண்ட தைலத்தின் வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறும்… சிட்னியில் எங்கள் ஃபுட்போல் நாள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

மெரிலேண்ட்ஸ் பக்கத்தில் ஒரு மைதானம். ஜூன் மாதக் குளிர். வெளிநாடுகளில் இருக்கும் ஊர்க் கழகங்களுக்கான போட்டி தொடங்கி அது இரண்டாம் வருடம்தான். கனடா, லண்டன், பாரிஸ், மெல்பேர்ன் என்று அணிகள் வந்து இறங்கியிருந்தன. நாங்கள் அதை உலகக் கிண்ணம் என்றுதான் சொல்வோம். சிரிக்காதீர்கள்…

ஃபைனலுக்கு வந்த இரண்டு அணியும் எங்கள் ஊர்!

ஒன்று எங்கள் கழகத்தின் சிட்னிக் கிளை. மற்றது அதே கழகத்தின் கனடாக் கிளை. ஒரே பெயர், ஒரே சின்னம், ஒரே மெரூன் ஜெர்சி. ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பக்கத்து ஊர்க்காரர் கொமென்ட்டில் சண்டைக்கு வருவார்கள்.

யார் ஜெர்சியை மாற்றுவது என்று பெரிய வாக்குவாதம்.

"ஊர்க் கலரைக் கழட்டேலாது. நீங்கள் கழட்டுங்கோ!"

"நாங்கள் இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தனாங்கள். நாங்களோ கழட்டுறது?"

நடுவராக வந்த வெள்ளைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காசைச் சுண்டினார். நாங்கள் தோற்றோம். மாற்று ஜெர்சிக்கு எங்கே போவது? எங்கள் பெடியன்கள் கார் டிக்கியைத் திறந்து, வேலைக்குப் போடும் ஒரேஞ்ச் ஹை-விஸ் வெஸ்ட்களை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்கள். ரோடு போட வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். கனடாக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்கு அன்று கொடுத்த வேலை, வாய் வேலை. ஊரில் வாசிகசாலையில் சனம் கூடியிருந்தது. என் போனில் நான் சொல்லச் சொல்ல, அங்கே ஒருவர் தன் போனை மைக்கில் பிடிப்பார். ஊர் முழுக்க லவுட்ஸ்பீக்கரில் கேட்கும். நான் வாயை மூடமாட்டேன் என்பது ஊரறிந்த விஷயம், அதனால்தான் என்னைப் பிடித்தார்கள்.

தொடங்குவதற்கு முன் ராணி அன்ரி லைனில் வந்தார். எங்கள் கோல்கீப்பர் கேதீஸின் அம்மா. கேதீஸ் படகில் வந்தவன். கையில் தற்காலிக விசா. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. தாயும் மகனும் நேரில் கண்டு பல வருடம்.

"பிள்ளை, அவன்ர பேரைச் சத்தமாச் சொல்லு, என்ன? இந்த ஊரில அவன்ர பேர் கேட்டுக் கனகாலமாப் போச்சு."

"ஓம் அன்ரி, சொல்லுறன்" என்றேன்.

கனடா முதல் கோல் அடித்தது. "எங்கட ஊர் கோல்!" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் வெடி கொளுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் நாங்கள் திருப்பி அடித்தோம். மறுபடியும் வெடி! யார் அடித்தாலும் ஊருக்கு வெற்றிதானே… ராணி அன்ரி மட்டும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். "அது என்ர பிள்ளையின்ர பக்கமோ? சொல்லு பிள்ளை, எந்தப் பக்கம்?"

ஒன்றுக்கு ஒன்று. பெனால்டிக்குப் போனது.

நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓடினேன். எங்கள் பக்கம் எல்லாரும் அடித்துவிட்டார்கள். கனடாவின் கடைசி அடி. அதை அடிக்க வந்தவன் சுதன். ஊரில் கேதீஸுக்கு அடுத்த வீடு. அவன் கோல் போட்டால் ஆட்டம் நீளும். கேதீஸ் பிடித்தால் கிண்ணம் எங்களுக்கு.

"சுதன் வாறார்… ஓடி வாறார்… அடிக்கிறார்… கேதீஸ்! கேதீஸ்! கேதீஸ் பிடிச்சிட்டார்! எங்கட கேதீஸ் பிடிச்சிட்டார்!"

எத்தனை தரம் கத்தினேன் என்று தெரியாது. ஊரில் விழுந்த சத்தத்தில் போன் இரைந்தது. அதற்குள்ளிருந்து ராணி அன்ரியின் குரல்.

"விழுந்திட்டானோ பிள்ளை? எழும்பிட்டானோ?"

"எழும்பிட்டார் அன்ரி! தோளில தூக்கி வைச்சிருக்கினம்!"

போனைக் கேதீஸிடம் நீட்டினேன். "அம்மா… பிடிச்சிட்டன்" என்றான். சுதன் வந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அதே போனில் "அன்ரி, உங்கட மோன் என்னை ஏமாத்திப்போட்டான்" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னான். கிண்ணத்தோடு எடுத்த போட்டோவிலும் எங்கள் ஆட்கள் வெஸ்ட்டோடுதான் நின்றார்கள். பாதிப் பேருக்கு அப்படியே ஷிஃப்டுக்குப் போக வேண்டியிருந்தது.

இப்போது போட்டி எங்கேயோ போய்விட்டது. செயற்கைப் புல் மைதானம், ட்ரோன், யூடியூப் லைவ். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள்தான் வர்ணனை, ஆனால் இங்கிலீஷில். ஒவ்வொரு நாட்டுக் கிளைக்கும் தனித்தனி ஜெர்சி. நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேதீஸுக்கு முழங்கால் போய்விட்டது. இப்போது பயிற்சியாளருக்கு உதவி. விசா மட்டும் அதே விசா.

போன ஞாயிறு மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போது ராணி அன்ரி எனக்குப் போன் எடுத்தார்.

"லைவ் பாக்கேல்லையோ அன்ரி? வடிவாத் தெரியுதாமே?"

"பாக்கிறன் பிள்ளை. அவங்கள் பந்தைத்தானே காட்டுறாங்கள்… கேதீஸ் எங்க நிக்கிறான்? என்னோட கதைச்சால் சுகம் எண்டு மட்டும்தான் சொல்லுவான். நீ சொல்லு."

நான் கோட்டோரம் போய் நின்றேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, எங்கள் ஆட்களின் கதிரைகளைப் பார்த்தபடி தொடங்கினேன்.

"கதிரையில இருக்கிறார் அன்ரி… நீலச் சுவெட்டர்… கொஞ்சம் நரைச்சிட்டுது… இப்ப எழும்புறார்… தண்ணி குடிக்கிறார்… இப்ப சிரிக்கிறார் அன்ரி, சிரிக்கிறார்!"