அலையாத்திக் காட்டை வலம் வந்தோம்

என் மகளுக்கு வந்த வரன்களில் மூன்றாவதுதான் கைகூடும்போல இருந்தது. முதல் இரண்டும் என் வாயால் கெட்டவை என்று என் மனைவி சொல்லுவாள். அதில் ஒன்றுதான் உண்மை.

மூன்றாவது, கல்லல் பக்கத்துக் குடும்பம். பையனுக்கு மதுரையில் வேலை. அவனுடைய அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வாயைத் திறக்கவே யோசிக்கிற மனிதர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெண் பெங்களூர் வேலையை மதுரைக்கு மாற்றிக்கொள்ளுமா? அதெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். மகளிடம் நான் பேசவே இல்லை. என்ன பதில் வரும் என்று தெரிந்ததால்தான் பேசவில்லை.

பூ வைக்கும் முன்னால் ஒரு தரம் தனியாகப் பேசவேண்டும் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் சொன்னார்கள். வீட்டில் பேசினால் தெருவே எட்டிப் பார்க்கும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல், காரைக்குடியிலிருந்து இரண்டு காரில் தொண்டிக்குத் தெற்கே கடற்கரைக்குப் போனோம். அங்கே வனத்துறை காபந்து பண்ணுகிற அலையாத்திக் காடு இருக்கிறது. வாசலில் ஒரு கொட்டகை. அதன் ஒரு மூலையில் பிள்ளைகள், இன்னொரு மூலையில் தேன்குழல் டப்பாவோடு அம்மாக்கள். மிச்சம் இருந்த நாங்கள் இரண்டு அப்பாக்களும் இடைஞ்சல். நடந்துவிட்டு வரச் சொல்லி என் மனைவி கண்ணாலேயே உத்தரவு போட்டாள்.

காட்டுக்குள் புகுந்து, கடலோரமாகச் சுற்றி, கிளம்பிய வாசலுக்கே வந்து சேருகிற ஒற்றையடிப் பாதை. இரண்டு கிலோமீட்டர்தான். அம்புக்குறி காட்டுகிற பக்கம் போனால் போதும் என்றார் காவலுக்கு இருந்த அம்மா.

அம்புக்குறி வலப்பக்கம் காட்டியது. எனக்குக் கால் எழவில்லை. அப்படிப் போனால் நடுவில் இருக்கிற காடு முழுக்க இடக்கைப் பக்கம் வரும். கோவிலூரானாலும் காளையார்கோவிலானாலும், ஏன், வாங்கி வந்த புது டிராக்டரானாலும், நாங்கள் எதையும் வலமாகத்தான் சுற்றுவோம். சம்பந்தம் பேச வந்த இடத்தில் இடமாகச் சுற்றினால் விளங்குமா? இதை வாத்தியாரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, "நீங்க சொல்றதும் நாயந்தான்" என்றார். அவர் என்னோடு ஒத்துப்போன முதல் விஷயம் அது. அந்தத் தெம்பில் இடப்பக்கம் திரும்பி நடந்தேன்.

நடக்கும்போது கடல் எனக்குப் பழக்கம் என்றும் சொல்லி வைத்தேன். எனக்குத் தெரிந்த நீர்நிலை எங்கள் ஊருணி ஒன்றுதான். கடையில் நான் விற்கிற மோட்டார்கள் தண்ணீரை வெளியே எடுப்பவை. தானாக உள்ளே வருகிற தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

தலைகீழாகச் சுற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. வழியில் இருந்த அறிவிப்புப் பலகைகள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்துப் படிக்கலாம்தான். கடல் பழக்கமானவன் படிப்பானா?

முக்கால்வாசி தூரம் போயிருப்போம். மரங்களுக்கு நடுவே பாதையைக் காணோம். தண்ணீர் நின்றது. நிற்கவும் இல்லை, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கக் கரையில் வழக்கம்போல முதுகைக் காட்டியபடி ஒரு பலகை. சிவப்புச் சட்டம் வேறு. அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை பேர் போனார்கள் என்பதுகூட இருக்கும்.

திரும்பிவிடலாம் என்றேன். பாதிச் சுற்றில் திரும்பினால் அதுதான் ரொம்பத் தப்பு என்று வாத்தியார் என் சட்டத்தையே எனக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கினேன். நாலு எட்டு வைத்ததும் கீழேயிருந்து ஏதோ என் காலைக் கவ்வியது.

அலறினேன் என்று எழுதினால் போதாது. கொக்குகள் எழும்பிப் பறந்தன. இரண்டு கையாலும் வாத்தியாரின் தோளைக் கட்டிக்கொண்டேன். ஒரு காலைத் தூக்கி அவர் இடுப்பில் போடவும் பார்த்தேன். முதலையா, பாம்பா என்று தெரியவில்லை. செய்தித்தாளில் என் படம் எந்தப் பக்கத்தில் வரும், மனைவி எந்தப் படத்தைக் கொடுப்பாள், அதில் எனக்குத் தொப்பை தெரியுமா என்பதுவரை மனம் போய்விட்டது. அப்போதுதான் என் வாய் தன்னால் திறந்தது.

"சம்பந்தி, நான் போயிட்டா உங்களுக்கு உண்மை தெரியாமலே போயிரும். எம்பொண்ணு பெங்களூரை விட்டு வராது. நான் அதுகிட்ட கேக்கவே இல்ல. சும்மா சொன்னேன்."

வாத்தியார் குனிந்து, சேற்றில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த அலையாத்தி வேரிலிருந்து என் வேட்டி நுனியை எடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையிலிருந்து, அதாவது சரியான வழியில், ஐந்தாறு பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே தண்ணீரில் இறங்கி வந்தார்கள். அதில் ஒருத்தி, "அண்ணே, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, போட்டோவுல நீங்க விழுகிறீக" என்றாள். வாத்தியாரின் தோளிலிருந்து கையை எடுத்தேன்.

கரையேறிப் பலகையின் முகத்தைப் படித்தேன். கடல் ஏறும் நேரம் இங்கே தண்ணீர் வரும், கணுக்கால் அளவுதான், பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சிரிக்கிற நண்டு ஒன்று வரைந்திருந்தார்கள்.

மிச்சப் பாதையில் அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால், ஈரவேட்டி காலில் ஒட்டி இழுக்க, மூன்றாவது வரனையும் இந்தச் சேற்றில் புதைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். மனைவியிடம் சொல்ல ஒரு கதையும் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் முதலை இருந்தது.

கொட்டகை தெரியும் இடத்தில் வாத்தியார் நின்றார். பிள்ளைகள் இரண்டு பேரும் அம்மாக்களை மறந்துவிட்டு எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"பெங்களூருக்கு நம்ம ஊரு வழியா பஸ்சு எத்தனை மணிக்கு?"

ராத்திரி ஒன்பது மணிக்கு, படுக்கை வசதியோடு, டிரைவர்கூட எனக்குத் தெரிந்தவர்தான் என்பதுவரை ஒரு புளுகு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை மென்று விழுங்கிவிட்டு, தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு நான் அவரிடம் சொன்ன இரண்டாவது உண்மை அது.