கிழக்கே பார்த்த சவரிநாதன் அண்ணன்

சவரிநாதன் அண்ணன் இறந்த செய்தியை எங்கள் கம்பெனிக்குக் கொண்டுவந்தவர், அவருடைய நாடகக் குழுவில் பெண் வேடம் கட்டுபவர். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, “ஐயா காலையில போயிட்டாருங்க” என்றார். மூன்று நாள் காய்ச்சல்தானாம். பாழாய்ப்போன காய்ச்சல்!

உங்களில் பலர் அவரை மேடையில்தான் பார்த்திருப்பீர்கள். நான் கோட்டும் டையுமாகப் பார்த்தவன். எங்கள் பிரெஞ்சு வியாபாரக் கம்பெனியில் நிதிப் பிரிவுக்கு அவர் தலைவர். அவருக்கு அடுத்தவன் நான். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், பாரிஸ் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது. ஊரே வாயைப் பிளந்தது. மனிதர் ராஜினாமாவை நீட்டிவிட்டு உழவர்கரை நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்று பழமொழி சொல்லிக் குத்திக்காட்டினேன்.

“இருபது வருஷம் மேற்க பாத்தாச்சு தம்பி. மிச்ச நாளு கிழக்க பாத்துட்டுப் போறேன்” என்றார்.

அவருடைய மாமனார் வீட்டார் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார்கள். கூத்தாடிக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று கேட்டார்களாம். அவர் மனைவி தெரேசா அக்கா அழுது முகம் வீங்கிக் கிடந்தார். எப்படியாவது திருப்பிக் கூட்டி வாருங்கள் என்று என்னிடம் கெஞ்சினார்.

முதல் நாடகத்துக்குப் போயிருந்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம்: பாரிஸுக்குப் போகும் அறிக்கையை ஒருவர் வரிவரியாக வாசிப்பார், எதிரில் இருப்பவர் பிரதியைப் பார்த்து, வரிக்கு வரி “வ்யூ” என்பார். பார்த்தாயிற்று என்று அர்த்தம். அன்று மேடையில் அண்ணன் தகப்பன். மகன், “இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்” என்று கதறுகிறான். அண்ணன் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்து, “வ்யூ” என்றார். கொட்டகை அதிர்ந்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன், இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மறுநாள் பார்த்தபோது, “பழகின வாயி, ஒரு நாள்ல திருந்துமா?” என்று அவரே சிரித்தார்.

இரண்டு வருஷம் போயிற்று. அவரைப் போல ஆள் கிடைக்காமல் திணறிய முதலாளி, பழைய பதவியிலேயே அழைத்து வரும்படி என்னைக் கருவடிக்குப்பத்தில் இருந்த அவர் வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பதவியில் அப்போது இருந்தவன் நான். வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் வாயைத் திறக்குமுன் தெரேசா அக்கா உள்ளிருந்து வந்தார்.

“கம்பெனிக்குப் போன காலத்துல இவரு வீட்ல சிரிச்சு நான் பாத்ததே இல்ல. இப்பத்தான் சிரிக்கிறாரு. இட்டுக்கினு போயிடாதீங்க தம்பி.”

அண்ணன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு என்னோடு தெருமுனை வரை நடந்து வந்தார். தோளில் கை போட்டு, “நான் வந்துடுவேன்னு பயந்துட்டியா தம்பி?” என்றார். அதில் கிண்டல் இல்லை, பரிவுதான் இருந்தது.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். அன்று “சேச்சே, இல்லண்ணே” என்றேன். பொய் சொன்னேன் அண்ணே.