கைராசி

தொண்ணூறுகளின் கடைசியில், படிப்பு முடித்த கையோடு, சோழவந்தானில் ஒரு டாக்டருடைய கிளினிக்கை ஒரு வாரம் பார்த்துக்கொள்ளப் போனேன். வெளியூர் கிளம்பும்போது அவர் சொன்ன புத்திமதி ஒன்றுதான்: "ஊசி போடாம அனுப்பிராதம்மா. அடுத்த தடவ வர மாட்டாங்க." எனக்குச் சுருக்கென்றது. கேட்டவருக்கெல்லாம் குத்தி அனுப்பவா இத்தனை வருஷம் படித்தேன்?

மூன்று நாள் பிடிவாதமாக மாத்திரை மட்டும் எழுதினேன். நான்காம் நாள் பெஞ்சு காலி. எதிர்ச்சாரியில் பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்த்தவரின் வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. எங்கள் கிளினிக் நர்ஸக்கா, "மாத்திரை டாக்டர்னு பேரு வச்சுட்டாங்கம்மா. கைராசி இல்லையாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது.

மத்தியானம் வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். தொண்டை வலி, லேசான காய்ச்சல். தானாகவே சரியாகிவிடும் என்றேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"ஒரு ஊசி போட்டு விடுங்கம்மா. இம்புட்டுத் தூரம் வந்துட்டு மாத்திரையோடவா போறது?"

மனைவியின் பார்வை எதிர்ச்சாரிக்குப் போனது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பென்சிலின் ஒத்துக்குமா?"

"எத்தனையோ ஊசி போட்டிருக்கேன். ஒண்ணும் செஞ்சதில்லம்மா."

தோலில் துளி மருந்து போட்டுப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. போட்டுவிட்டேன்.

சட்டையை இறக்கிக்கொண்டே உள்ளங்கையைச் சொறிந்தார். கழுத்தில் தடிப்பு தடிப்பாக எழும்பியது. உதடு வீங்கியது. எழுந்தவர் அப்படியே பெஞ்சில் சரிந்தார். நாடி கிடைக்கவில்லை.

அவர் மனைவி என் தோளைத் தொட்டார். "பயப்படாதீங்கம்மா. போன வருசமும் ஊசி போட்டதும் இப்பிடித்தான் தடிச்சுச்சு. ஒடம்புச் சூடு வெளிய வருது. நல்ல மருந்து."

தடிப்பை மருந்தின் வேலை என்று நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் ஒன்றும் செய்ததில்லை என்றார். நானும் ஊசி போடுவதற்கு முன் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

பீரோவில் இந்த ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் இரண்டே குப்பி இருந்தது. முதலாவது என் கையிலேயே நொறுங்கியது. இரண்டாவதை நர்ஸக்கா உடைத்து ஏற்றித் தந்தார். தொடையில் குத்திவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கும்பிடாத சாமி இல்லை. நூல் போல நாடி திரும்பியது. கார் பிடித்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி சேரும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.

வழியில் அவர் மனைவியிடம் சொன்னேன்: "என் ஊசியாலதான் இப்படி ஆச்சு. இனிமே இந்த மருந்தே கூடாது." அந்தம்மா என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆறாம் நாள் பெஞ்சு நிறைந்திருந்தது. போன உசுரை ஊசி போட்டு மீட்ட கை என்று ஊரெல்லாம் பேச்சாம். முதல் ஆளாக அந்தக் கொடிக்கால்காரர்தான் உட்கார்ந்திருந்தார்.

"தொண்ட இன்னும் கரகரங்குதும்மா. அதே ஊசி இன்னொண்ணு போட்டா மிச்சச் சூடும் எறங்கிரும்."

மாட்டவே மாட்டேன் என்றேன். 'பென்சிலின் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேம்மா" என்று எழுந்தார். அடுத்தவரின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தற்செயலாக ஜன்னலைப் பார்த்தேன். அவர் எதிர்ச்சாரியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வெறுங்காலோடு ஓடினேன். உள்ளே அவர் சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டியிருந்தார். ஊசியில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஏற்றியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, இருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்: "நான் இவர மீட்கல! தேவையில்லாத ஊசியப் போட்டு இவரச் சாகக் கெடத்துனதே நான்தான்! மறுபடி போட்டா செத்துருவாரு!"

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது, நிம்மதியில். மறுநாள் பெஞ்சில் ஈ காக்கை இல்லை.