அண்ணன் சுருதியை இறக்கச் சொன்ன மாலை

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி பிள்ளைகள் கேட்டார்கள். நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரிந்தவளா நான்?

அண்ணன் பிறந்தது திருவானைக்காவலில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வீட்டில் பாட்டுத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. அவருக்கு மட்டும் அது எங்கிருந்து வந்ததோ! ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததுமே பாட்டு சார் அவரைப் பிடித்துக்கொண்டார். ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்தை ஒரே பையன் தனியாகப் பாடுவது அந்தப் பள்ளி வழக்கம். நன்றாகப் பாடிவிட்டால் அந்த வருஷத்து மேடையெல்லாம் அவனுக்குத்தான். திருச்சியில் மற்றப் பள்ளிகளோடு நடக்கும் போட்டிக்கும் அவனே போவான். ஐம்பதுகளின் கடைசியில் அந்த இடம் அண்ணனுக்குக் கிடைத்தது.

விழா நெருங்கும்போது பார்த்து அவருக்குக் குரல் உடையத் தொடங்கியது. ஆண்பிள்ளைகளுக்கு அந்த வயதில் வருவதுதான். வருவதற்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா? கண்டுபிடித்தது நான் ஒருத்திதான்.

"யார்கிட்டயும் சொல்லாதே. சாருக்குத் தெரிஞ்சா ஆளை மாத்திடுவாரு" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சைக் குறைத்தார். சளி என்று நினைத்து அம்மா கொடுத்த மிளகுக் கஷாயத்தை முகம் சுளிக்காமல் குடித்தார். ஒத்திகையில் தொண்டைக்கட்டு என்று சொல்லி, முணுமுணுத்தே தப்பித்தார். சார் நம்பினாரோ இல்லையோ, இன்னொரு பையனையும் தயாராக வைத்திருந்தார்.

விழாவுக்கு அப்பா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அம்மாவும் நானும் பெண்கள் பக்கம். திரை விலகியபோது அண்ணன் மைக் முன்னால் நின்றார். ஓரத்தில் அந்த இன்னொரு பையன், அவனும் சலவைச் சட்டையில். சார் ஆர்மோனியத்தில் வழக்கமான உயரத்திலேயே சுருதி பிடித்தார். முதல் அடி எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாவது அடியில் மேலே ஏறும்போது குரல் கிழிந்தது. பின்வரிசையில் ஒரே சிரிப்பு. எவனோ விசிலடித்தான், நாசமாய்ப் போனவன். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. சார் ஓரத்துப் பையனுக்குக் கண்ணைக் காட்ட, அவன் ஓர் எட்டு முன்னால் வைத்தான்.

அண்ணன் மைக்கை விட்டு நகரவில்லை.

"சார், சுருதியை இறக்கிக் கொடுங்க. முதல்லேருந்து பாடுறேன்."

அது மைக்கில் கூடம் முழுக்கக் கேட்டது. சார் முறைத்தார். ஆர்மோனியத்திலிருந்து கையையே எடுத்துவிட்டார். போச்சு என்று நினைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, கீழே தள்ளி வேறொரு கட்டையை அழுத்தினார்.

அண்ணன் பாடினார். நாங்கள் கேட்டுப் பழகிய குரலே இல்லை அது. வளர்ந்த ஆளின் குரல். கொஞ்சம் நடுங்கியது, ஆனால் கடைசி அடிவரை நின்றது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போட்டிக்கு அந்த இன்னொரு பையனைத்தான் அனுப்பினார்கள். எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. அண்ணனோ மறுவாரமே கூட்டுப்பாட்டில் பின்வரிசையில் போய் நின்றார். வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். பாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்றார். பின்னாளில் துவாக்குடிப் பக்கம் அவர் வேலை பார்த்த பட்டறை மூடியபோதும் அப்படித்தான், சின்னதாகக் கடை வைத்து மறுபடி தொடங்கினார்.

கடைசி நாட்களில் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. கட்டிலருகே உட்கார்ந்து அந்தக் கடவுள் வாழ்த்தைப் பாடினேன். பழைய ஞாபகத்தில் அதே உயரத்தில் எடுத்துவிட்டேன். இரண்டாவது அடியில் என் குரல் உடைந்தது. வயதா அழுகையா, தெரியவில்லை. நிறுத்திவிட்டேன். அண்ணன் கண்ணைத் திறக்காமலே, போர்வைமேல் கிடந்த கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே அழுத்திக் காட்டினார்.

இறக்கினேன். முதலிலிருந்து பாடினேன்.

அவரைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், கூப்பிட்ட நேரத்தில் ஓடி வந்த பக்கத்து வீட்டாருக்கும், மருத்துவமனைச் செவிலியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நினைவு நாளன்று வீட்டில் அந்தப் பாட்டைப் பாடுவோம். எல்லோருக்கும் எட்டுகிற சுருதியில்தான் எடுப்போம். நீங்களும் சேர்ந்து பாட வேண்டும்.