மல்லாட்டை இலையில் வாங்கிய டாக்டர் பட்டம்

எங்கள் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருகிறதாம். ஆராய்ச்சி செய்ததற்கு ஆதாரம் வேண்டுமாம். ஆராய்ச்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஃபைல் தடிமனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் துறைத்தலைவரின் கொள்கை. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். திரை முழுக்க மல்லாட்டை இலை, அதாவது நிலக்கடலை இலை.

அப்போது திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். டாக்டர் பட்டம் வாங்கினால்தான் வேலை நிரந்தரம். இலையின் போட்டோவைப் பார்த்தே நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் புரோகிராம்தான் என் ஆராய்ச்சி. வல்லம் பக்கம் சொந்த நிலம், கூப்பிட்டால் வரும் உதவியாளராக அப்பா. ஒரு விஞ்ஞானிக்கு வேறென்ன வேண்டும்?

அப்பா நல்ல இலையைக் கையில் பிடித்துக் காட்டுவார். நோய் இலையைத் தொட்ட கையால் அடுத்த செடியைத் தொடக்கூடாது என்பது அவர் வழக்கம். அதனால் அதைக் குச்சியால் தட்டி நியூஸ்பேப்பரில் விழவைப்பார்.

"ஜல்தி எடுடா, வெயிலு ஏறிக்கினு போவுது."

எடுத்துத் தள்ளினேன். அந்தப் படங்களைக் காட்டியே புரோகிராமைப் பழக்கினேன், அதே மாதிரிப் படங்களை வைத்தே சோதித்தேன். புரோகிராம் ஒரு தப்புகூடச் செய்யவில்லை. கட்டுரை வெளிவந்தது, பட்டம் வந்தது, பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

அடுத்த போகத்தில் வயல் முழுக்கப் புள்ளி விழுந்துவிட்டது. இனி எதைத் தொட்டால் என்ன என்று அப்பா நோய் இலையைக் கையிலேயே பிடித்துக் காட்டினார். படம் எடுத்துப் போட்டேன். 'நோய் இல்லை' என்றது புரோகிராம்.

"இன்னாடா இது? கொல்லையே போய்ச்சி, உம் பொட்டி நல்லாக்குதுன்னுது!"

அப்புறம்தான் மரமண்டைக்கு உறைத்தது. அது இலையைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் விரல் தெரிந்தால் நல்ல இலை, பேப்பர் தெரிந்தால் நோய் இலை. அவ்வளவுதான் அது கற்ற வித்தை. அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப அதுக்கு என் கைய மட்டும்தான் தெரியுமா?" என்று சிரித்தார். "பேஜாரு புடிச்ச வேலைடா. சரி பண்ணிடு. எவனாச்சும் நம்பிக்கினு மருந்தடிக்காம வுட்டுடப் போறான்."

"பண்றேம்பா" என்றேன். பண்ணவில்லை. கட்டுரை தப்பு என்று எழுதிக் கொடுத்தால் வேலை போய்விடும். வகுப்பில் மட்டும், "தரவைச் சோதிக்காம நம்பாதீங்க" என்று மேசையைத் தட்டிச் சொல்வேன். வெட்கம் இருந்தால்தானே!

அந்தக் கொல்லை இப்போது மனைகளாகிவிட்டது. அப்பாவும் இல்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்த கடைசி வாரம், அசந்து தூங்கியபோது அவர் கையைப் படம் எடுத்துப் புரோகிராமில் போட்டேன். 'நோய் இல்லை' என்றது. பொய் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனாலும் டாக்டர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.