எழுத்துப்படி வாழ்ந்தவரின் வலது கை

என் வீட்டுக்காரருக்கு மரப்பட்டறையில் வைத்த பெயர் 'எழுத்துப்படி'. வேதாகமத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்கிற மனிதர். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று படித்துவிட்டு, பிச்சை போடும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்று இருக்கிறதாம். அதனால் நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று இந்த வீட்டில் நான் வாய் திறக்க முடியாது. கதவு அளவு தப்பிவிட்டது என்று ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது மறு கன்னத்தைக் காட்டியிருக்கிறார். அந்தப் பாவி அதிலும் ஒன்று வைத்துவிட்டுப் போனான். அளவைத் தப்பாகச் சொன்னவனே அவன்தான்.

இந்த ஆளோடு எப்படித்தான் மாரடிக்கிறாய் என்று என் அக்கா கேட்பாள். நான் சிரிப்பேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அது நடக்கும். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. எத்தனை பேருக்கு அப்படிப் புருஷன் வாய்க்கும்? அந்தக் குணத்துக்கே ஒரு நாள் நான் பயந்து சாக வேண்டி வரும் என்று அப்போது தெரியாது.

எங்களுக்கு ஒரே மகள். எட்டு வயது. கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், செருப்பைக் கூடக் கழற்றாமல், மீன் விழுங்கிய யோனாவைப் பற்றி ஆரம்பித்தாள்.

"அப்பா, மீன் வயித்துக்குள்ள அவருக்கு மூச்சு முட்டலையா?"

"கர்த்தர் பாத்துக்கிட்டாரு."

"மீன் சாப்பிட்டதெல்லாம் அவர் தலையில விழுமே."

"விழட்டும். பேசாம இரு."

"எங்க ஞாயிறு பள்ளி அக்கா சொன்னாங்க, அது கதையாம்ப்பா. நிஜ மீனே இல்லையாம்" என்று சொல்லிவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

அவர் கை ஓங்கியதை நான் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன். பலகை தூக்கித் தூக்கிக் காய்த்துப் போன வலது கை, குழந்தையின் இடது காதோடு சேர்த்து விழுந்திருந்தது. அவள் அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

செவிப்பறை கிழிந்து சீழ் வைத்தது. சொட்டு மருந்தும் மாத்திரையுமாக அலைந்தோம். கடைசியில் காது டாக்டர், உள்ளேயே அடிபட்டிருக்கிறது, இந்தக் காதில் இனிக் கேட்காது என்று சொல்லிவிட்டார். எப்படி அடிபட்டது என்று அவர் கேட்டபோது விழுந்துவிட்டாள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் இவர், "நான்தான் அடிச்சேன்" என்றார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒரு மாற்றம் கண்டேன். இடது கையால் சாப்பிட்டார். இடது கையால் சவரம் செய்து தாடையெல்லாம் கீறிக்கொண்டார். கையில் வலியா என்று கேட்டேன்.

"இல்ல. பழகிக்கிறேன்."

"எதுக்கு?"

"வலது கை பாவத்துல இடற வெச்சா வெட்டிப் போடச் சொல்லியிருக்கு. ஒத்துக்கிட்ட கதவு வேலை பாக்கி இருக்கு. அதை முடிச்சுக் குடுத்துட்டு, சனிக்கிழமை செஞ்சிடுறேன்."

முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்பது போலச் சொன்னார். கத்தினேன், அழுதேன், காலைப் பிடித்தேன். "நான் கையத் தூக்கினாலே புள்ள தோளைக் குறுக்கிக்கிறா, பாத்தியா நீ?" என்றார். பார்த்திருந்தேன். அலமாரியிலிருந்து அவர் டம்ளர் எடுத்தால்கூடக் குழந்தை தலையைக் குனிந்துகொள்வாள்.

பட்டறை முதலாளியிடம் ஓடினேன். "எழுத்துப்படி உங்ககிட்டயும் ஆரம்பிச்சிட்டாரா?" என்று அவர் சிரித்தார். கடைசியில் போதகரை வீட்டுக்கே கூட்டி வந்தேன். நல்ல மனிதர். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

"தம்பி, அது உவமானமாச் சொன்னது. கையை வெட்டுறதுன்னா கோபத்தை வெட்டுறது. யாரும் நிஜமா வெட்ட மாட்டாங்க."

இவர் திருப்பிக் கேட்டார்: "ஐயா, செவிடங்க காது திறக்கும்னு எழுதியிருக்கே. எம்பொண்ணுக்கு இங்க இல்லாட்டியும் பரலோகத்துல கேக்கும்னு போன வாரம் நீங்கதான் சொன்னீங்க. அதுவும் உவமானமா?"

போதகர் எழுந்து செருப்பை மாட்டினார். அங்கே அவளுக்குக் கேட்கும் என்ற அந்த ஒன்றைத்தான் நானும் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. சனிக்கிழமையை நிறுத்தக் கூட்டி வந்த மனிதர், என்னிடம் மிச்சம் இருந்ததையும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை பட்டறை பாதி நாள்தான். மகளை அக்காவிடம் விட்டுவிட்டு அரக்கப் பரக்க ஓடினேன். மற்றவர்கள் கிளம்பியிருந்தார்கள். முடித்த கதவுகள் சுவரோரம் வரிசையாக நின்றன. அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிளேடு மேல் இருக்கும் மூடியைக் கழற்றி, ஒழுங்காகப் பெட்டி மேல் வைத்திருந்தார். வலது சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி, முழங்கைக்கு மேலே கயிற்றால் இறுக்கியிருந்தார். கை நீலம் பாரித்திருந்தது.

கிட்டே போனால் பதற்றத்தில் என்ன ஆகுமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போனது. கோபம் மட்டும்தான் இருந்தது.

"யாரைக் கேட்டு வெட்டுறீங்க?" என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"எழுதியிருக்கு."

"புருஷனும் பொண்டாட்டியும் ஒரே மாம்சம்னு எழுதியிருக்கா, இல்லையா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "எழுதியிருக்கு."

"அது உவமானமா?"

அவர் பிளேடைப் பார்த்தார்.

"சொல்லுங்க. உவமானம்னா அத இப்பவே சொல்லிடுங்க, நான் போயிடுறேன். இல்லைன்னா அது என் கை. நான் குடுக்க மாட்டேன்."

அவர் இடது கையை நீட்டி மெஷினை நிறுத்தினார். பிளேடு சுற்றி ஓய்ந்தது. மரத்தூளில் அப்படியே உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதார். கயிற்று முடிச்சு எனக்கு அவிழவில்லை. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.

நடந்தது அதோடு முடியும் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும். இந்த மனிதர் அதையும் எழுத்துப்படி எடுத்துக்கொண்டார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் முன்னால் வந்து நின்று, "கை வேணும்" என்பார். நான் தலையசைத்தால்தான் சட்டையில் நுழைப்பார். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் துணி துவைக்கும்போது ஒரு நாள் எனக்கு உறைத்தது. அது என் கை என்றால், குழந்தையை அடித்ததும் என் கைதான். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. அன்று முழுவதும் மகளின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிப்போகும்போது அவர் எப்போதும் அவளுடைய வலப்பக்கம்தான் நடப்பார். கேட்கிற காது அந்தப் பக்கம். தன் இடது கையைத்தான் பிடித்துக்கொள்ளக் கொடுப்பார். வலது கையைக் கால்சட்டைப் பையில் நுழைத்துக்கொள்வார்.

போன வாரம் நானும் கூடப் போனேன். இரண்டடி பின்னால் நடந்தேன். அவள் நடந்த பக்கம் சாக்கடை வழிந்து கிடந்தது. என் மகள் அவரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தாள். பையில் இருந்த அந்தக் கையை மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து, விரலைக் கோத்துக்கொண்டாள். தோளைக் குறுக்கவில்லை. அவர் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் குனிந்து, "அப்பாவை மன்னிச்சிடும்மா" என்றார். இத்தனை மாதத்தில் அதை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் எதிரே வந்த நாய்க்குட்டியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பக்கம் மாறியதில், அவர் சொன்னது கேட்காத காதில். மறுபக்கம் போய் இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுபக்கம் போக வேண்டுமென்றால் அவள் அந்தக் கையை விட வேண்டும்.